பாதி மலரில் பேனா நின்றுவிட்டது. எழுத்துத் தடையைத் தாண்டியவர்கள் வழி சொல்லுங்கள்

தேவகோட்டை வளவு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். வருகிற தை மாதம் எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) சதாபிஷேகம். வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு மலர் போடலாம் என்று அண்ணன்மார் முடிவு செய்து, எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர் என்று நான் முன்பு நிறைய எழுதியிருக்கிறேன். அதனால் தயங்காமல் ஒத்துக்கொண்டேன்.

வீட்டைப் பற்றிய பகுதி ஓட்டமாக வந்தது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, பர்மா தேக்குத் தூண், சுண்ணாம்போடு கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த கூடம் எல்லாம் எழுதியாயிற்று. நகரத்தாரில் (நாட்டுக்கோட்டைச் செட்டியாரில்) எங்கள் பிரிவுக்குரிய மாத்தூர்க் கோவில் பற்றியும் எழுதிவிட்டேன். ஐயா, அதாவது அப்பச்சியின் அப்பா, பர்மாவுக்குக் கொண்டுவிற்க (வட்டித்தொழில் செய்ய) போனது வரை வந்தேன். அங்கே நின்றதுதான், ஒரு வரி நகரவில்லை.

தினமும் காலையில் பலகாரம் முடிந்ததும் உட்காருகிறேன். தலை கனக்கிறது. எழுந்து போய் மாவடு ஜாடியைத் துடைக்கிறேன், பெட்டகத்தில் அடுக்கி வைத்ததையே எடுத்து மறுபடி அடுக்குகிறேன். அச்சகத்தில் கார்த்திகைக்குள் மேட்டர் வேண்டும் என்கிறார்கள். உங்களில் எழுதுகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். இப்படி நின்றுபோனால் என்ன செய்வீர்கள்?

புதுவயல் நிருபர்

ஆச்சி, பத்திரிகை வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நின்ற இடத்தை அப்படியே விட்டுவிட்டு வேறு இடத்திலிருந்து எழுதுங்கள். அப்பச்சி படித்த பள்ளி, ஆத்தாவைக் கல்யாணம் செய்தது, பேரன் பேத்திகள் என்று எதுவானாலும் சரி. மலரை வாசிப்பவர்தான் முதலிலிருந்து வாசிப்பார், எழுதுகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நேரம் குறித்துக்கொள்வதும் உதவும். அந்தோணி டிராலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் தபால் துறையில் வேலை பார்த்தவர். அதிகாலையில் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று கணக்காக எழுதிவிட்டு ஆபீஸ் போவார். நாற்பதுக்கு மேற்பட்ட நாவல்கள் அப்படி வந்தவை. எங்கள் டெஸ்க்கிலும் அதே கதைதான். மனநிலை வரட்டும் என்று காத்திருந்தால் பக்கம் காலியாகப் போகும்.

இரண்டாம் இயல்

நான் காரைக்குடியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். எனக்கும் இதே நிலைதான், அதனால் இங்கேயே கேட்டுவிடுகிறேன். முதல் இயல் முடிந்தது. இரண்டாவது இயலில் முதல் பத்தியை எழுதுவதும் அழிப்பதுமாகவே நாள் போகிறது. இன்னும் நாலு கட்டுரை படித்தால் தெளிவு வரும் என்று படிக்கிறேன், படிக்கப் படிக்கப் பயம்தான் கூடுகிறது. நெறியாளர் போன் செய்தால் எடுக்கவே கை வரவில்லை.

ஓய்வாசிரியர், கீழச்சிவல்பட்டி

இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தாளருக்கு வரும் இந்தத் தடைக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் எட்மண்ட் பெர்க்லர். ஆஸ்திரியாவில் பிறந்து நியூயார்க்கில் தொழில் செய்த மனநல மருத்துவர். 1940களில் அவர் இதைப் பற்றி எழுதினார். காரணத்தைக் குழந்தைப் பருவத்திலும் தாய்ப்பாலிலும் தேடினார். எனக்கு அது ஒப்பவில்லை. பின்னால் வந்தவர்களில் மைக் ரோஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் செய்ததுதான் வகுப்பறையில் எனக்குக் கண் திறந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் பத்து மாணவர்களை எடுத்துக்கொண்டார். ஐந்து பேர் எழுத முடியாமல் திணறுகிறவர்கள், ஐந்து பேர் தடையில்லாமல் எழுதுகிறவர்கள். 1980இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. திணறியவர்களுக்குத் திறமை குறைவில்லை. அவர்கள் தலைக்குள் இறுகிய விதிகள் இருந்தன. முதல் பத்தி வாசகனைப் பிடித்து இழுக்க வேண்டும், அது சரியாகாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது என்பது போன்ற விதிகள். மற்ற ஐந்து பேருக்கும் விதிகள் உண்டு, ஆனால் வேலைக்கு ஆகவில்லை என்றால் தள்ளி வைத்துவிடுவார்கள்.

ஆய்வு மாணவி, உங்கள் விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். முதல் பத்தியை மறந்துவிடுங்கள். உங்களிடம் இருக்கும் தரவில் ஒரே ஒரு அட்டவணையை எடுத்து, அதில் என்ன இருக்கிறது என்று உங்கள் தங்கைக்குச் சொல்வது போல எழுதுங்கள். ஆய்வு நடை அப்புறம் வரட்டும்.

ஆச்சி, உங்களிடம் ஒரு கேள்வி. பொதுவாக "எழுத வரவில்லை" என்று யாரும் நிற்பதில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளின் கட்டுரை நோட்டைப் பார்த்தவன் நான். ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட வரியில்தான் நிற்பார்கள். அந்த வரியைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். நீங்கள் கடைசியாக எழுதிய வரி எது, அடுத்து எழுத வேண்டிய வரி எது? அதை மட்டும் இங்கே போடுங்கள்.

கோட்டையூரான்

பேசிப் பாருங்கள் ஆச்சி. சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் வாயால் சொல்வார், உதவியாளர் எழுதிக்கொள்வார். அதே ஊரிலிருந்து போன பஞ்சு அருணாசலம் அப்படி எழுதிக்கொண்டிருந்து பிறகு தாமே பெரிய எழுத்தாளர் ஆனவர். நம் பக்கத்தில் வாய்ப்பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய ஊர்க்காரர்கள் நாம். மேடையில் ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசுகிறவரிடம் அதையே இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்றால் ஒரு மாதம் ஆகும். செல்போனில் பதிவு செய்துகொண்டு பேசுங்கள், பிறகு உட்கார்ந்து எழுத்தில் இறக்கலாம். போனே தமிழில் தட்டச்சு செய்து கொடுக்கிறது. பிழை இருக்கும்தான். ஆனால் வெள்ளைத் தாள் முன்னால் உட்கார்ந்திருப்பதை விட, பிழையான பக்கத்தைத் திருத்துவது எவ்வளவோ மேல்.

பழைய பேரேடு

எனக்கு இது தடையாகவே தெரியவில்லை. சரக்கு இல்லை, அதனால் எழுத்து நிற்கிறது. வீட்டைப் பற்றி ஏன் ஓட்டமாக வந்தது? வீடு கண் முன்னால் நிற்கிறது. பர்மாவை நீங்கள் பார்த்ததில்லை. சரக்கைத் தேடுங்கள்.

எங்கே தேடுவது என்றால், பெட்டகசாலையில்தான். பேரேடு, ஐந்தொகை என்ற கணக்குகள், கடிதக் கட்டு, கல்யாணத்தில் எழுதிய இசைகுடிமானம் என்ற ஒப்பந்தம், சாமான் பட்டியல் இதெல்லாம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. ஐயாவின் கடைக்கு விலாசம் (கடைப் பெயர்) என்ன, எந்த ஊர், அடுத்தாள் (உதவியாள்) எத்தனை பேர், முதலில் யாரிடம் சம்பளத்துக்கு இருந்தார்கள் என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தேடித் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான் இன்றைக்குச் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. கல்யாணப் பத்திரிகையைக்கூட அவர் வீணாக நினைக்கவில்லை. நெற்குப்பை சோமலெயும் மாவட்டம் மாவட்டமாகத் தகவல் திரட்டி எழுதியவர். கையில் தகவல் இருந்தால் எழுத்து தானாக வரும்.

பின்னணியும் தெரிந்திருக்க வேண்டும். நம்மவர்கள் கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தவர்கள். 1930க்குப் பிறகு நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈடாக இருந்த நிலம் கைக்கு வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நகரத்தார் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6. 1938இல் அது நூற்றுக்கு 25. பணமாக இருந்தது மண்ணாக மாறிவிட்டது, 1942இல் ஜப்பான் படை வந்ததும் அந்த மண்ணை விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் சொல்லலாம்.

தேவகோட்டை வளவு

எல்லோருக்கும் நன்றி. பேரேடு அண்ணே, நீங்கள் சொன்ன பெட்டகம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது, திறந்தும் பார்த்துவிட்டேன். தகவல் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆசிரியர் ஐயா கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கடைசியாக எழுதிய வரி: "ஐயா பியாப்பூனில் சொந்த விலாசத்தில் கடை வைத்தார்கள்." அடுத்து எழுத வேண்டியது: "1942இல் ஐயா ஊர் திரும்பினார்கள்."

இந்த இரண்டு வரிக்கும் நடுவில், பர்மாவில் பியாப்பூன் என்ற அந்த ஊரில் ஐயாவுக்கு ஒரு குடும்பம் இருந்தது. பர்மாக்கார அம்மா ஒருவர், ஒரு பெண் குழந்தை. வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். எனக்கு அப்பத்தா வாயால் ஒரு தடவை கேட்டதுதான். ஐயா தனியாகத்தான் நடந்து வந்தார்கள். "ஊர் திரும்பினார்கள்" என்று எழுதப் போனால் கை நின்றுவிடுகிறது. அதை எழுதினால் பொய் சொல்வது போல இருக்கிறது. உள்ளதை எழுதலாம் என்றால் பங்காளிகள், சம்பந்தி வீட்டார் எல்லோர் முகமும் கண் முன்னால் வருகிறது.

ஆசிரியர் ஐயா கேட்ட பிறகுதான் இதை எனக்கே வாய்விட்டுச் சொல்ல முடிந்தது.

பள்ளத்தூர் ஆயா

அம்மா, உன் மனசு எனக்குப் புரிகிறது. எனக்கு எழுபத்தெட்டு வயது, அதனால் உரிமையோடு சொல்கிறேன். சதாபிஷேகம் மங்கலமான காரியம். அந்த மலரில் இது வேண்டாம். உன் அப்பத்தா அவ்வளவு வருஷம் அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியவர்கள். அவர்கள் மறைத்ததை நீ அச்சில் போட்டால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? பர்மாவில் அப்படிக் குடும்பம் வைத்திருந்தவர்கள் உன் ஐயா ஒருவர் மட்டும் இல்லை. எங்கள் தெருவிலேயே உண்டு. யாரும் மலரில் போட்டதில்லை.

புதுவயல் நிருபர்

ஆயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எனக்கு உடன்பாடு இல்லை. யாரும் போடாததால்தான் அந்தப் பிள்ளைகள் எல்லாம் இல்லாமலே போய்விட்டார்கள். அப்பத்தாவின் மரியாதை நமக்குப் பெரிதாகத் தெரிகிறது, சரி. பியாப்பூனில் நின்றுபோன அந்த அம்மாவுக்கும் ஒரு மரியாதை இல்லையா? தேக்குத் தூணுக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறோம், அந்தத் தூண் வந்த ஊரில் இருந்த குழந்தைக்கு ஒரு வரி கிடையாதா?

ஓய்வாசிரியர், கீழச்சிவல்பட்டி

நல்ல விவாதம், ஆனால் இதை இப்போதே தீர்க்க வேண்டியதில்லை. ஆச்சிக்கு இப்போது இரண்டு வேலை ஒன்றாகச் சேர்ந்து கிடக்கிறது. எழுதுவது ஒன்று, வெளியிடுவது ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் போனால் கை நிற்கத்தான் செய்யும், ஒவ்வொரு சொல்லையும் பங்காளிகள் தோளுக்குப் பின்னால் நின்று வாசிக்கிறார்கள் அல்லவா.

ஒரு கோடு போட்ட நோட்டை எடுங்கள். கம்ப்யூட்டர் வேண்டாம், மலருக்கான கோப்பும் வேண்டாம். பிள்ளையார் சுழி போட்டு, நம் பெரியவர்கள் அக்கரையிலிருந்து கடிதம் எழுதியது போல ஒருவருக்குக் கடிதமாக எழுதுங்கள். உங்கள் அப்பத்தாவுக்கு எழுதலாம், அந்தப் பெண்ணுக்கும் எழுதலாம். உங்களுக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் எழுதுங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே எழுதுங்கள். நோட்டைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுங்கள். மலரில் எவ்வளவு வரலாம் என்பதை அது முடிந்த பிறகு யோசிக்கலாம்.

இன்னொன்று. அப்பச்சி இருக்கிறார்கள். மலர் அவர்களுக்காக. அவர்களைக் கேட்காமல் நாம் இங்கே பேசிக்கொண்டிருப்பது முறையில்லை.

மருந்துக்கடை வீதி

நடுவில் ஒரு சின்னக் குறிப்பு. நான் மருத்துவத் துறையில் இருக்கிறேன். எழுத்து மட்டும் நின்றால் மேலே சொன்ன வழிகள் போதும். அதோடு தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், முன்பு பிடித்த எதிலும் மனசு ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது எழுத்துத் தடை இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆய்வு மாணவி, போனை எடுக்கவே கை வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன், நன்றாகத் தூங்குகிறீர்களா?

இரண்டாம் இயல்

கேட்டதற்கு நன்றி டாக்டர். தூக்கம், சாப்பாடு எல்லாம் சரியாக இருக்கிறது, பயம்தான் இருந்தது. இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆசிரியர் ஐயா சொன்னபடி ஒரு அட்டவணையை எடுத்துத் தங்கைக்கு எழுதுவது போல எழுதினேன். அதில் பாதியை அப்படியே இயலுக்குள் வைக்கலாம் போல இருக்கிறது.

தேடியபோது ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியல் பேராசிரியரின் ஆய்வும் கண்ணில் பட்டது. எழுத முடியாமல் இருந்த கல்லூரி ஆசிரியர்களை மூன்று குழுவாகப் பிரித்திருக்கிறார். ஒரு குழு கட்டாயமாகத் தினமும் எழுத வேண்டும். ஒரு குழு தோன்றினால் எழுதலாம். ஒரு குழு மிக அவசரம் தவிர எழுதவே கூடாது. கட்டாயமாக எழுதியவர்கள் அதிகப் பக்கம் எழுதினார்கள் என்பது எதிர்பார்த்ததுதான். புதிய யோசனைகளும் அவர்களுக்குத்தான் அதிகம் வந்திருக்கின்றன. யோசனை வந்த பிறகு எழுதலாம் என்று நான் இருந்தேன். உட்கார்ந்து எழுதும்போதுதான் யோசனை வரும் போல. இப்போது காலையில் குறைந்த நேரம், ஆனால் தினமும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். நெறியாளரிடமும் பேசிவிட்டேன், அரைகுறையாக இருந்தாலும் அனுப்பு என்றார்.

கோட்டையூரான்

தங்கச்சி, ஒரு சேர்க்கை. அன்றைய வேலையை முடிக்கும்போது, நாளைக்கு என்ன எழுதப் போகிறோம் என்று தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள். ஹெமிங்வே இதைத்தான் எல்லோருக்கும் சொன்னார். அடுத்த வரியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் உட்கார்ந்ததும் கை தானாக ஓடும்.

தேவகோட்டை வளவு

நோட்டில் எழுதினேன். அந்தப் பெண்ணுக்குக் கடிதமாக எழுதினேன். நின்ற எழுத்து ஒரே மூச்சில் வந்தது.

பிறகு அப்பச்சியிடம் பேசினேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆல்வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றி வளைக்காமல் கேட்டேன், பியாப்பூன் விஷயத்தை மலரில் எழுதலாமா என்று. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளை எனக்கு ஆச்சி (அக்கா) முறை. ஆச்சியை விட்டுவிட்டு எனக்கு என்ன மலர்?" என்றார்கள். அப்புறம் அவர்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள். கோட்டையூர் அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்து போனில் பதிவு செய்துகொண்டேன். எனக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கிறது.

பள்ளத்தூர் ஆயா சொன்னதையும் மனசில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். மலரில் போக நினைக்கும் பத்தி இது. பார்த்துச் சொல்லுங்கள்.

"ஐயா ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போனபோது மீசை முளைக்கவில்லை. பிறகு அடுத்தாளாக இருந்து, பியாப்பூனில் சொந்த விலாசத்தில் கடை வைத்தார்கள். அங்கே ஐயாவுக்கு ஒரு குடும்பம் இருந்தது. அந்த அம்மாவின் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. பெண் குழந்தைக்கு ஐயா தம்முடைய ஆத்தாவின் பெயரை, நம் வழக்கப்படி மூத்த மகளுக்கு வைக்க வேண்டிய பெயரை, வைத்தார்கள். ஜப்பான் சண்டை வந்தபோது அந்த அம்மா தம் பெற்றோரை விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஐயா நடந்து வந்தார்கள். எங்கள் அப்பத்தாவுக்கு ஐயா எல்லாவற்றையும் சொன்னார்கள். பின்னால் அப்பத்தாவுக்குப் பெண் பிறந்தபோது, அந்தப் பெயர் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு இருக்கிறது என்று சொல்லி வேறு பெயர் வைக்கச் சொன்னவர்கள் அப்பத்தாதான். எங்கள் அத்தைக்கு ஏன் ஐயாவின் ஆத்தா பெயர் இல்லை என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில்."

பள்ளத்தூர் ஆயா

அந்தக் கடைசி விஷயம் எனக்குத் தெரியாதம்மா. உன் அப்பத்தா அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் மலரில் போடு. அவர்களுடைய பெரிய மனசு நாலு பேருக்குத் தெரியட்டும். ஒரு எழுத்தையும் மாற்றாதே.

பழைய பேரேடு

சரக்கு இல்லை என்று நான் சொன்னதை விட்டுவிடுங்கள் ஆச்சி, இவ்வளவு கனமான சரக்கு என்னிடம் இல்லை. ஒரே ஒரு இடத்தில் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். "ஐயா நடந்து வந்தார்கள்" என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டீர்கள். ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. ஊர் ஜப்பான்காரர் கைக்குப் போனது 1942 மார்ச் 8. இதற்கு நடுவில் கிளம்பிய பலர் புரோம் போய், அங்கிருந்து அரக்கான் மலையைக் கடந்து தவுங்கப், பிறகு படகில் அக்யாப், சிட்டகாங் என்று வந்தார்கள். வழியில் காலராவில் செத்தவர்கள் ஏராளம். இன்னும் பலர் வடக்கே மணிப்பூர் வழியாக வந்தார்கள். ஐயா எந்த வழியில் வந்தார்கள், கூட யார் வந்தார்கள் என்று அப்பச்சியிடம் கேளுங்கள். கடலோரமாக வந்தவர்கள் என்றால் அக்யாப் என்ற பெயர் கட்டாயம் பேச்சில் வந்திருக்கும்.

தேவகோட்டை வளவு

அக்யாப்! பதிவில் "அக்கியாபு" என்று அப்பச்சி சொல்கிறார்கள். என்ன ஊர் என்று புரியாமல் விட்டிருந்தேன். இன்று சாயந்திரமே மறுபடி உட்கார்ந்து கேட்கிறேன். அந்த வழி தனிப் பகுதியாக வரும்.

ஓய்வாசிரியர், கீழச்சிவல்பட்டி

எழுதி முடித்ததும் அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள் ஆச்சி. சந்திப்பிழை, ஒருமை பன்மை எல்லாம் பார்த்துத் தருகிறேன். ஆய்வு மாணவி, உங்கள் இயலையும் அனுப்புங்கள். கண் நன்றாகத்தான் தெரிகிறது.